கீழே நிற்பவர்களுக்காக ஒரு குழல்

பார்சிலோனா
ஏப்ரல் 24, 1984

நேவுஸ்,

இந்தப் புத்தகத்தை அனுப்பச் சொன்னது அம்மா. நேற்று ஜோர்டி திருநாள் அல்லவா, தெரு முழுக்க ரோஜாவும் புத்தகமும்தான். "பட்டம் வாங்கின பொண்ணு, இந்த வருஷம் ஒரு புத்தகம்கூட வராம மலையில உக்காந்திருக்கா. போய் வாங்கிட்டு வாடா" என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு. கடைக்காரன் எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டான். கனமானதாகக் கொடு என்றேன். சிரித்தான். நம் வீட்டில் புத்தகம் படிக்கிற ஒரே ஆள் நீதான். எனக்கு என்ன தெரியும்?

என் தோள் எலும்பு கூடிவிட்டது. மருத்துவர் பாரம் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு பாரம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேருந்துப் பணிமனையில் எஞ்சின் கழற்றுகிற வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நம் கோபுர அணிக்கு நகர மன்றத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. செப்டம்பர் 24, மெர்சே திருநாள், அதே சதுக்கம். தலைவர் ஓலெகேர் மீண்டும் எட்டு மாடிக் கோபுரம்தான் என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் பைத்தியம் பிடித்தமாதிரி கத்தினார்கள். நானும் கத்தினேன்.

இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன். குழலுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டோம். நர்சீஸ் என்று பெயர். கல்யாணங்களில் வாசிப்பவன். இசை எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவன்.

போன மெர்சேயை நான் மறக்கவில்லை. அடியில் நின்ற நான்கு பேரில் நான் ஒருவன். என் தோளுக்குமேல் ஏழு மாடி மனிதர்கள். தலை கூட்டத்துக்குள் புதைந்து கிடக்கும். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து போய்விடும். எங்களுக்குக் கண் உன் குழல்தான். உச்சியில் குழந்தை லூசியா கை காட்டிவிட்டாள், கோபுரம் முடிந்தது என்று உன் குழல் சொன்னது. நாங்கள் எல்லோரும் ஒரு மூச்சு விட்டோம். அந்த மூச்சில்தான் கோபுரம் சரிந்தது. லூசியா கையைத் தூக்கவே இல்லை என்று பத்துப் பேர் சொல்கிறார்கள். லூசியாவைக் கேட்டால் "தூக்கப் போனேன்" என்கிறாள். எட்டு வயதுக் குழந்தையிடம் வேறு என்ன கேட்பது?

அம்மா நலம். கிறிஸ்துமஸுக்கு நீ வராததை ஒவ்வொரு சாப்பாட்டு நேரத்திலும் சொல்கிறாள்.

பிளாய்


வால்நேரா
மே 6, 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தகம் வந்தது. உண்மையாகவே கனம். தேனீ வளர்ப்பைப் பற்றியது. நான் படித்தது வரலாறு என்றாலும் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிலுள்ள படங்கள் மிகவும் பிடித்துவிட்டன. இப்போது வகுப்பில் இரண்டு ராணித் தேனீக்கள் இருக்கிறார்கள். தினமும் சண்டை.

தோள் சரியானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

லூசியாவின் கை உயர்ந்தது அண்ணா. நான் பார்த்தேன். அந்தப் பத்துப் பேரும் எங்கே நின்றார்கள் என்று அவர்களைக் கேள். அதில் ஆறு பேர் அடிக்கூட்டத்தில் உன்னைப் போலத் தலையைக் குனிந்து நின்றவர்கள். எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

நான் ஏன் குழல் எடுத்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் பார்த்தால் கை நடுங்கும். பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வன்று காலையில் வாந்தி எடுத்துவிட்டுப் போனவள் நான். ஆனால் கோபுரம் ஏறும்போது சதுக்கமே அண்ணாந்து நிற்கிறது. வாசிக்கிறவளை ஒருவரும் பார்ப்பதில்லை. அத்தனை பேர் நடுவில், அவ்வளவு சத்தமாக, யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். உலகத்தில் எனக்கென்று அப்படி ஒரு இடம் கிடைத்ததே என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது நீ என்ன சொன்னாய்? "இவ்வளவு படிச்சியே, மேல பாக்கத் தெரியாதா உனக்கு?" சதுக்கம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்களிலிருந்து தப்பித்துத்தான் இந்த மலைக்கு வந்தேன். இங்கே மாடுகள்தான் என்னைப் பார்க்கின்றன. அவை எதுவும் கேட்பதில்லை.

நர்சீஸுக்கு என் வாழ்த்துகள்.

நேவுஸ்


பார்சிலோனா
ஜூன் 25, 1984

நேவுஸ்,

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் படி. சிரிக்காமல் படிக்க முடிந்தால் நீ பெரிய ஆள்தான்.

யோவான் திருநாளுக்கு முந்தின மாலை நம் தெருவில் நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் ஆறு மாடி போட்டுப் பார்ப்போம் என்றார் ஓலெகேர். தெருவே வந்து நின்றது. நர்சீஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு, கால் வைத்த தாங்கியில் இசைத்தாளை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். அழகாகத்தான் வாசித்தான், ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை!

மூன்றாம் மாடிக்காரன் இடுப்பில் சுற்றிய கச்சைத் துணியில் கால் சிக்கித் திணறிக்கொண்டிருக்கிறான். குழலோ உச்சியில் கை காட்டியாகிவிட்டது என்கிறது. அடியில் நின்ற நாங்கள், அடடா இன்றைக்கு எவ்வளவு சீக்கிரம் என்று ஆச்சரியப்படுகிறோம். ஓலெகேர் தொண்டை கிழியக் கத்துகிறார்: "டேய்! இன்னும் பாதிகூட ஏறலடா! அசையாதீங்கடா!" எப்படியோ ஏறி எப்படியோ இறங்கினோம். எல்லோரும் தரைக்கு வந்து, கச்சையை அவிழ்த்து, ஆளுக்கொரு துண்டு இனிப்பு ரொட்டி தின்ன ஆரம்பித்தாகிவிட்டது. நர்சீஸ் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான். இறங்குகிற பகுதி ஒரு பக்கம் பாக்கி இருந்ததாம்.

"தம்பி, யாருக்குப்பா வாசிக்கிற?" என்று கேட்டார் ஓலெகேர்.

"முடிக்காம எப்படிங்க விடறது?" என்றான்.

நல்ல பையன். அவனைக் குறை சொல்லமாட்டேன். கல்யாணத்தில் பாட்டு முடிந்தபிறகுதான் மாப்பிள்ளை நடப்பான். இங்கே மாப்பிள்ளை விழுந்தால் பாட்டும் நிற்க வேண்டும். அவனுக்கு அது பிடிபடவில்லை.

ஓலெகேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு எழுதுடா. மெர்சேக்கு அவ வேணும்" என்றார். எழுதிவிட்டேன்.

கோடை விடுமுறைக்கு வரப்போகிறாய் அல்லவா? அம்மா உன் படுக்கையை வெயிலில் போட்டுவிட்டாள்.

பிளாய்


வால்நேரா
ஜூலை 15, 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரித்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்துத் தலைமையாசிரியை, "காதலனா?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் என்றேன். "அப்படியா" என்றார், நம்பாமல்.

கோடையில் வரவில்லை. மலையேற வருகிறவர்கள் தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். படுக்கையை உள்ளே எடுத்து வைக்கச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தெரு வந்திருக்கிறது, நெருப்பு வந்திருக்கிறது, இனிப்பு ரொட்டிகூட வந்திருக்கிறது. ஓலெகேர் கேட்டார், ஓலெகேர் சொன்னார் என்று இருக்கிறது. நீ கேட்டதாக ஒரு வரி இல்லை.

ஓலெகேருக்காக நான் வரமாட்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. சொன்னது நீ. எல்லோர் முன்னாலும் சொன்னாய். அதனால் அணி கூடியிருக்கும்போது எல்லோர் முன்னாலும் நீயே சொல்ல வேண்டும்: "என் தங்கை முந்தி வாசிக்கவில்லை." இந்த ஒரு வாக்கியம் போதும். அழுகையும் கட்டிப்பிடித்தலும் எனக்கு வேண்டாம்.

சொன்னால் வருகிறேன். குழல் இங்கேதான் இருக்கிறது. ஞாயிறுகளில் மேய்ச்சல் நிலத்துக்கு மேலே போய் வாசிக்கிறேன். எதிர்மலையில் பட்டு ஒவ்வொரு வரியும் திரும்பி வருகிறது. ஏறும் பகுதியை வாசிக்கும்போது, யாருமே ஏறாவிட்டாலும், என் கண் தானாக மேலே போய்விடுகிறது.

நேவுஸ்


பார்சிலோனா
ஆகஸ்ட் 16, 1984

நேவுஸ்,

உன் வாக்கியத்தை ஒரு மாதமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். பணிமனையில் எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிக்கூடப் பார்த்தேன். "என்னடா முணுமுணுக்கிற?" என்று மேலிருந்து கேட்டார்கள்.

என்னால் சொல்ல முடியாது. வீம்பு என்று நினைக்காதே. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் கீழே இருந்தேன். குழல் வந்தது, கோபுரம் விழுந்தது, தோள் முறிந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பார்க்காத ஒன்றைப் பார்த்தமாதிரி அணி முன்னால் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அது உனக்காகச் சொன்ன பொய். பொய் என்று அவர்களுக்கும் தெரியும். பிறகு உன்னை இன்னும் அதிகமாகப் பார்ப்பார்கள்.

நேற்று கிராசியா பேட்டைத் திருவிழா தொடங்கியது. தெருக்களையெல்லாம் அலங்கரித்திருக்கிறார்கள். ஒரு தெருவில் தலைக்குமேல் காகித மீன்கள் தொங்குகின்றன, கடலுக்கடியில் நடக்கிறமாதிரி இருக்கிறது. அங்கே எங்களை ஏழு மாடி போடக் கூப்பிட்டார்கள். நர்சீஸுக்கு வெளியூரில் ஒரு கல்யாணம். மற்றக் குழல்காரர்கள் முதல் குழல் வாசிக்கப் பயப்படுகிறார்கள். சரி, குழலே வேண்டாம், வாயால் எண்ணிக்கொள்வோம் என்றார் ஓலெகேர்.

கேட்காதே! தெருவில் அந்த இரைச்சலில் அவர் எண்ணியது யார் காதிலும் விழவில்லை. ஒவ்வொருத்தனும் மேலே என்ன ஆச்சு என்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர ஆரம்பித்தான். எனக்குப் பின்னால் நின்றவன் நிமிர்ந்ததில் அவன் முழங்கை என் மூக்கில் பட்டது. ரத்தம் சட்டையெல்லாம். நல்ல வேளை, நம் சட்டை காபிக்கொட்டை நிறம். ஆறாம் மாடி ஏறுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார் ஓலெகேர். கிராசியாக்காரர்கள் அப்படியும் கைதட்டினார்கள். பரிதாபப்பட்டுத் தட்டினார்கள். அது விழுவதைவிட மோசம்.

வீங்கின மூக்கோடு எழுதுகிறேன். அந்த வாக்கியத்தைத் தர என்னால் முடியாது. ஆனால் இதை ஓலெகேர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்: வா.

பிளாய்


வால்நேரா
செப்டம்பர் 2, 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் மூக்கைப் பற்றி எழுது. ஐஸ் வைத்தாயா? அம்மா வைக்கச் சொன்னதைச் செய்திருக்கமாட்டாய்.

உன் கடிதம் வந்தபோது கோபம்தான் வந்தது. விடுதிச் சமையலறையில் முட்டைப் பொரியலைக் கருக்கிவிட்டேன். இரவு மறுபடி படித்தேன். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாய். எனக்கும் ஒன்று தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. கோபுரத்துக்கு அடியில் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீங்கள் எல்லோரும் இருட்டில், ஒருவர் முதுகில் ஒருவர் மார்பை வைத்து, என் ஒரு குழலை நம்பி நிற்கிறீர்கள். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வருகிறேன். நிபந்தனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. கோபுரம் விழுமோ என்று பயமில்லை. விழாமலே, நான் குழலை எடுத்தவுடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். "இவதான் அவ" என்பார்கள். அப்போது மூச்சு வருமா என்று தெரியவில்லை.

ஒரு சிக்கல் வேறு. மெர்சே உங்கள் ஊருக்கு மட்டும்தான் விடுமுறை. இங்கே திங்கட்கிழமை பள்ளி உண்டு. தலைமையாசிரியையிடம் போய்க் கேட்க வேண்டும். நேற்று அவர் கதவுவரை போய் மூன்று முறை திரும்பி வந்தேன். நான்காம் முறை அவரே கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, தரை தேஞ்சுடப் போகுது" என்றார். உள்ளே போனதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "கோபுரம்". பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்டு மாடி என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எட்டா? மனுஷங்கமேல மனுஷங்களா?"

"ஆமாங்க."

"நீ எத்தனாவது மாடி?"

"நான் தரையிலங்க. வாசிக்கிறேன்."

"அப்ப தைரியமாப் போய்ட்டு வா. செவ்வாய்க்கிழமை மதியம் வகுப்புல இருக்கணும்."

ஞாயிறு மாலைப் பேருந்தில் வருவேன். சந்தோஷத்தை அடக்க முடியவில்லை அண்ணா.

நேவுஸ்


பார்சிலோனா
செப்டம்பர் 12, 1984

நேவுஸ்,

நேற்று தேசிய நாள், வீடெல்லாம் கொடி. அதனால் தபால் இன்றைக்குத்தான் போகும். நாலே வரி.

மூக்கு சரி. பழைய நேர்த்திக்கு வரவில்லை என்று அம்மா வருத்தப்படுகிறாள். முன்னாலேயே நேர்த்தி கிடையாது.

நேற்று பயிற்சியில் ஏழு மாடி அசையாமல் நின்றது. முதல் குழல் இல்லாமலே. நர்சீஸ் மனசு வருத்தப்படவில்லை. உன் பக்கத்தில் இரண்டாம் குழலாக நிற்கிறேன் என்றான், தாளைக் கொண்டுவரமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

பழைய கதையை அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். நானும் எடுக்கமாட்டேன். காலையில் என் கச்சையின் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். போன மெர்சேவரை நீதான் பிடிப்பாய். இப்போது பிடிக்கிறவன் இழுக்கத் தெரியாமல் இழுக்கிறான். இடுப்பு சுற்றிச் சரியாக இறுகவில்லை என்றால் முதுகு நிற்காது.

பேருந்து நிலையத்துக்கு வருவேன்.

பிளாய்


பார்சிலோனா
செப்டம்பர் 25, 1984

நேவுஸ்!

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மாணவர்களிடம் கொடுத்துப் படி.

நேற்று நீ பேருந்துக்கு ஓடிவிட்டாய். ஒரு வாய் சாப்பிடவில்லை. அம்மா இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுக் குழல் அப்படியே இருந்தது, நான்தான் தின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரவு தூக்கமும் இல்லை. கீழே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

தோளில் இரண்டாம் மாடி ஏறியது. மூன்று. சட்டைக் கழுத்தைக் கடித்துக்கொண்டேன். உன் குழல் ஆரம்பித்தது. அந்த முதல் சுரம் வந்ததும் அடிக்கூட்டமே ஒரு உடம்பாக இறுகியதை முதுகில் உணர்ந்தேன். நான்காம் மாடி என்றது குழல். ஐந்து. பாரம் என்றால் அப்படி ஒரு பாரம், கால் தரைக்குள் இறங்குகிறமாதிரி. ஆறு. வியர்வை கண்ணுக்குள் போகிறது, துடைக்க ஒரு கை கிடையாது. ஏழு. கோபுரம் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் மேலிருந்து ஒவ்வொரு முதுகாக இறங்கி என் முழங்காலுக்கு வந்தது.

அப்போது வந்தது அந்த இரைச்சல். சதுக்கமே வெடித்தமாதிரி. எனக்குப் பின்னால் ஒருவன், "முடிஞ்சுதுடா! கை காட்டிட்டா!" என்றான். என் முதுகில் அழுத்தியிருந்த மார்புகள் இளகுவது எனக்குத் தெரிந்தது. என் மூச்சும் வெளியே வரப் பார்த்தது.

குழல் மாறவில்லை.

அதே ஏழாம் மாடி வரியை நீ திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாய்.

சட்டையைப் பல்லிலிருந்து விட்டுவிட்டுக் கத்தினேன். "குழல் இன்னும் சொல்லலடா! ஒருத்தனும் மூச்சு விடாதீங்க!"

"ஊரே கத்துதேடா!"

"ஊர் கத்தட்டும்! என் தங்கச்சி சொல்லல!"

இறுகினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு வரியை நான் கேட்டதில்லை. பிறகு அது மாறியது. குழல் எகிறி உச்சிக்குப் போனது. அப்போதும் நாங்கள் மூச்சு விடவில்லை! கடைசி ஆள் என் தோளிலிருந்து தரைக்குக் குதிக்கிறவரை விடவில்லை. எட்டு மாடி, ஏறி, இறங்கி, முழுசாக!

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அந்த இரைச்சலைக் கேட்டபோது, இதே சத்தத்தை முன்பும் கேட்டிருக்கிறேன் என்று பட்டது. போன வருடமும் முதலில் வந்தது இரைச்சல்தானோ, குழல் பிறகுதான் வந்ததோ? சத்தியமாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு சதுக்கத்தில் நடந்ததைப் பற்றி நான் எழுதமாட்டேன். எனக்கு எழுத வராது. நீ எழுது.

சங்கு ஊதிவிட்டார்கள். எஞ்சின் காத்திருக்கிறது.

பிளாய்


வால்நேரா
செப்டம்பர் 27, 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை மதியம் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு மாடிக் கோபுரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியைதான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவரும் வகுப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை.

நீ கீழே கேட்ட இரைச்சலுக்கு மேலே என்ன காரணம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். லூசியா ஏழாம் மாடிக்குழந்தையின் முதுகில் ஒரு கால் போட்டாள். அப்போது அவள் தலைத்துணி நழுவிக் கண்ணை மூடிவிட்டது. அதைத் தள்ளிவிடத்தான் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். பார்க்க வந்த ஊர் ஜனங்களுக்கு அது தெரியுமா? கத்திவிட்டார்கள். மேளக்காரர் என்னைப் பார்த்தார். நர்சீஸ் மூச்சை இழுத்து உச்சி வரிக்குத் தயாராகிவிட்டான். நான் தலையை ஆட்டினேன். எனக்கே பயம்தான். அத்தனை ஆயிரம் பேர் ஆமாம் என்கிறார்கள், நான் ஒருத்தி இல்லை என்கிறேன். என் கண் தவறாக இருந்தால்? உதடு காய்ந்துவிட்டது. ஆனாலும் அவள் இன்னொரு காலைப் போடவில்லை அண்ணா. இரண்டு காலும் போட்டபிறகு தூக்குகிற கைதானே கணக்கு.

துணியைத் தள்ளினாள். இன்னொரு காலையும் போட்டாள். நிமிர்ந்தாள். வழக்கம்போல நான்கு விரலை விரித்து, வானத்தைத் தொடுகிறமாதிரி கையைத் தூக்கினாள். வாசித்தேன். அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கோபுரம் இளகப் போகிறது என்று நினைத்த கணத்தில் அது திரும்ப இறுகியதை மேலே பார்த்தேன். கீழே என்னவோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அது என்ன என்று உன் கடிதத்தில்தான் படித்தேன். பள்ளி வாசற்படியிலேயே நின்று படித்தேன்.

நீ எழுத மறுத்ததை நான் எழுதுகிறேன்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் குழலைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் அப்படியே நழுவிப் பேருந்துக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். பின்னால் ஓலெகேர்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"பேருந்து..."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நாலு மாடித் தூண்."

"யாருக்கு?"

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எனக்கு நேர் எதிரே, ஐந்தடியில் நின்றாய். கச்சையை இழுத்து ஒருமுறை சரிசெய்தாய். யாரைக் கௌரவிக்கிறார்களோ அவர்கள் முன்னால்தான் தூண் போடுவார்கள் என்று சதுக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நகர மன்றத் தலைவருக்குப் போடுவார்கள், இறந்தவர் வீட்டு வாசலில் போடுவார்கள். சதுக்கம் முழுவதும் திரும்பி, இது யாருக்கு என்று பார்த்தது. எனக்குக் காது சுட்டது. கம்பம் ஒல்லியாக இருந்தது, மறைய முடியவில்லை.

"நர்சீஸ் வாசிக்கட்டுமே" என்றேன்.

"அவன் வாசிச்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் இவங்க எறங்க முடியாது" என்றார் ஓலெகேர். நர்சீஸே முதலில் சிரித்தான். "நீங்களே வாசிங்க அக்கா. நான் பின்னாடி வர்றேன்."

அதனால் எனக்காகப் போட்ட தூணுக்கு நானே வாசிக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மூச்சு வந்தது. குழல் வாயில் இருக்கும்போது அழ முடியாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நாலு மாடித் தூணுக்கு அடிக்கூட்டம் கிடையாது. கீழே நிற்பவன் முகம் வெளியே தெரியும். இத்தனை வருடமாக நான் வாசித்த ஒரு கோபுரத்திலும் உன் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அது எனக்கு நேர் எதிரே, ஐந்தடித் தூரத்தில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் உன் தோளில் ஒருவன், அவன் தோளில் ஒருவன், அதற்குமேல் லூசியா ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. அவள் கை காட்டி, இறங்கி, தரையில் கால் வைக்கிறவரை கண்ணை இறக்கவே இல்லை. இறக்கினபோது உன்னைக் கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பேருந்தில் ஏற்றிவிட வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "அண்ணன் முகம் எப்படி இருந்துச்சும்மா?"

"அவனா? ஆரம்பத்துல இருந்து கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தான்" என்றாள்.

நேவுஸ்